ஹாலில் சுவரோடு கட்டிய பழைய டிவி ஷோகேஸை எடுத்துவிடலாமா?

தாராளமாக எடுக்கலாம். படக்குழாய் டிவிக்குப் பின்புறம் நீண்டிருக்கும் என்பதால் அந்தக் காலத்தில் இவற்றை 50–60 செ.மீ. ஆழத்துக்குச் செய்தார்கள். இப்போதைய டிவி சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். அவ்வளவு இடமும் உங்களுக்கு மிச்சம்.

சுத்தியலை எடுக்கும் முன் ஒரு தட்டைக் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். தட்டுகள் மரமா, சுவருக்குள் செருகிய கான்கிரீட் பலகையா? கான்கிரீட் என்றாலோ, மேலே பீம் எதையாவது அது தாங்குவதுபோல் தெரிந்தாலோ, பொறியாளர் பார்க்காமல் கைவைக்க வேண்டாம். பின்னால் வயர் ஓடினால் முதலில் மெயினை அணைத்துவிடுங்கள்.

மரமென்றால் முதலில் கதவுகள், பிறகு தட்டுகள், கடைசியில் சட்டம். சட்டமும் சுவரும் சேரும் கோட்டில் பெயிண்டைக் கத்தியால் கீறிவிட்டு மெதுவாக நெம்புங்கள். கீறாமல் இழுத்தால் சிமெண்ட் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து வரும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், உலர்வாகத் தேய்க்காதீர்கள்.

பலர் மறந்துவிடுவது தரையைத்தான். ஷோகேஸுக்கு அடியில் பெரும்பாலும் டைல்ஸ் இருக்காது, அதே டிசைன் இப்போது கிடைப்பதும் சந்தேகம். பரணில் மீதி டைல்ஸ் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.