லினக்ஸில் போட்டோஷாப்பும் கோரல்டிராவும் ஓடுமா? தொழிலுக்கு நம்பி மாறலாமா?

கேள்வி இதுதான்: கேட்பவர் கல்யாண ஆல்பமும் பத்திரிகையும் டிசைன் செய்கிறார். விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடித்துவிட்டது. இருக்கிற கணினியில் விண்டோஸ் 11 ஏற மாட்டேன் என்கிறது. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் போட்டோஷாப்பும் கோரல்டிராவும் ஓடுமா, அதை நம்பித் தொழில் பண்ணலாமா?

நானும் இதே தொழில்தான், லினக்ஸில்தான் பெரும்பாலான வேலையைச் செய்கிறேன். பழைய பதிப்புகள் ஓடும். புதிய பதிப்புகளோடு மல்லுக்கட்ட வேண்டும். ஆனால் முடிவெடுக்க வேண்டியது மென்பொருள் ஓடுமா என்பதை வைத்து இல்லை. நீங்கள் வேலை முடித்து அனுப்பும் கோப்பு யாரிடம் போகிறது, அவர் அதை எந்த வடிவில் கேட்கிறார் என்பதை வைத்துத்தான்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. போட்டோஷாப், லினக்ஸுக்கு முன்னோடியான யுனிக்ஸ் பக்கமே வந்ததில்லை என்று பலர் நினைக்கிறார்கள். 1990களில் 3ஆம் பதிப்பு, சிலிக்கான் கிராபிக்ஸ் கணினிகளின் ஐரிக்ஸ், சன் நிறுவனத்தின் சோலாரிஸ் என்ற யுனிக்ஸ் வகைகளில் வந்தது. அதோடு சரி. லினக்ஸுக்குப் போட்டோஷாப்பை அதன் நிறுவனமான அடோபி வெளியிட்டதே இல்லை.

கோரல் அப்படி இல்லை. 1999இல் டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்துச் சொந்தமாக ஒரு லினக்ஸே வெளியிட்டார்கள். 2000இல் கோரல்டிரா 9ஐ லினக்ஸுக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களுடைய படம் திருத்தும் மென்பொருளான போட்டோ-பெயின்ட் 9ஐ இலவசமாகவே இறக்கிக்கொள்ளக் கொடுத்தார்கள். அதே வருடம் அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் கோரலில் 13.5 கோடி டாலர் முதலீடு செய்தது. அடுத்த வருடம் கோரலின் லினக்ஸ் பிரிவு சான்ட்ராஸ் என்ற நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. காரணம் என்னவென்று நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் பாதி அச்சகம் கோரலில்தான் ஓடுகிறது, அந்த முயற்சி மட்டும் நிலைத்திருந்தால் இந்தக் கேள்விக்கே வேலை இருந்திருக்காது.

அந்தக் கோரல்டிரா 9 ஓடியது வைன் நூலகங்களின் மேல்தான். இன்றைக்கும் விண்டோஸ் மென்பொருளை நேரடியாக லினக்ஸில் ஓட்ட வேண்டுமென்றால் வைன்தான் வழி. 1993இல் தொடங்கிய திட்டம் இது. முழு விண்டோஸையும் உள்ளே ஓட்டாது. மென்பொருள் விண்டோஸிடம் கேட்பதை வாங்கி லினக்ஸிடம் அதன் பாஷையில் சொல்லி, பதிலைத் திருப்பிக் கொடுக்கும். கம்பெனிக் காலத்து மொழிபெயர்ப்பாளரான துபாஷி செய்த வேலைதான். அதனால் வேகம் பெரிதாகக் குறையாது. துபாஷிக்குத் தெரியாத சொல் வரும்போதுதான் மென்பொருள் நின்றுபோகும்.

போட்டோஷாப்புக்குத் தேவையான சொற்களைக் கற்றுக்கொடுக்கச் செலவு செய்தவர்கள் பெரிய ஆட்கள். டிஸ்னியும் வேறு இரண்டு அனிமேஷன் ஸ்டுடியோக்களும் வைனை வளர்க்கும் கோட்வீவர்ஸ் நிறுவனத்துக்குப் பணம் கொடுத்ததில், 2003இல் போட்டோஷாப் 7 லினக்ஸில் ஓடத் தொடங்கியது. பிறகு கூகுள் பணத்தில் போட்டோஷாப்பின் சிஎஸ்2 பதிப்பும் ஓடத் தொடங்கியது. 2008இல் அதை அறிவித்தார்கள். அந்த உழைப்பின் பலனாகத்தான் சிஎஸ் வரிசை இன்றும் வைனில் ஓரளவு ஒழுங்காக ஓடுகிறது. முறையாக வாங்கிய சிஎஸ்6 உங்களிடம் இருந்தால், பாட்டில்ஸ் மாதிரி ஒரு கருவியில் அதற்கென்று தனியாக ஒரு வைன் அறை உருவாக்கி நிறுவிப் பாருங்கள். லேயர், மாஸ்க், கர்வ்ஸ், ஆக்‌ஷன் எல்லாம் வேலை செய்யும். கிராபிக்ஸ் கார்டை நம்பி இருக்கும் அம்சங்களில்தான் முரண்டு பிடிக்கும். என் கணினியில் அதை அணைத்துவிட்டுத்தான் ஓட்டுகிறேன், ஆல்பம் வேலைக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

புதிய பதிப்புகளின் கதை வேறு. 2013இல் அடோபி இனி சிஎஸ் கிடையாது, மாதச் சந்தா மட்டும்தான் என்று சொல்லிவிட்டது. இதில் வேடிக்கை, படம் திருத்தும் பகுதி வைனுக்குப் பெரிய தொல்லை இல்லை. தொல்லை கொடுப்பது நிறுவும் மென்பொருள். கிரியேட்டிவ் கிளவுடின் அந்தச் சின்னச் சாளரம் உள்ளுக்குள் ஒரு வலைப்பக்கம். அதைக் காட்ட விண்டோஸோடு வரும் உலாவிக் கூறுகள் வேண்டும். பின்னணியில் சில சேவைகள் எப்போதும் ஓட வேண்டும். அவ்வப்போது சந்தா உயிரோடு இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று சறுக்கினாலும் உள்ளேயே போக முடியாது. யாராவது ஒருவர் ஒட்டுப்போட்டுச் சரி செய்வார், அடுத்த அப்டேட்டில் மறுபடி உடையும். பொழுதுபோக்குக்குச் சரி. முகூர்த்த மாதத்தில் வாடிக்கையாளர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது இந்த விளையாட்டு வேண்டாம்.

ஒரே கட்டளையில் போட்டோஷாப்பை நிறுவித் தரும் ஸ்கிரிப்டுகள் இணையத்தில் நிறைய சுற்றுகின்றன. அவற்றில் பல, பூட்டு உடைத்த பதிப்பை எங்கிருந்தோ இறக்குபவை. நியாயம், சட்டம் எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். வைன் ஒரு பாதுகாப்புக் கூண்டு இல்லை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். வழக்கமான அமைப்பில் உங்கள் லினக்ஸ் கோப்புகள் முழுவதும் அதற்குள் இசட் டிரைவாகத் தெரியும். போட்டோஷாப்போடு ஒட்டிக்கொண்டு வரும் எதுவும் உங்கள் வாடிக்கையாளர் படங்கள் வரை போய்த் தொடலாம்.

இனி தமிழ் எழுத்துருச் சமாச்சாரம். வெளிநாட்டுக் காணொளிகளில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள், நம் வேலையோ பெரும்பாலும் இங்கேதான் சிக்கும்.

அச்சகங்களில் இன்னும் பாமினி, வானவில் மாதிரி, எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு குறிமுறைக்கு முந்தைய எழுத்துருக்கள்தான் புழக்கத்தில் இருக்கின்றன. பாமினியில் ‘தமிழ்’ என்று திரையில் தெரியும் சொல்லுக்கு அடியில் இருப்பது ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் ஆங்கிலக் கிறுக்கலாகிவிடும். லினக்ஸில் அந்த எழுத்துருக்களை உங்கள் எழுத்துருக் கோப்புறையில் போட்டுவிட்டால் வைனும் எடுத்துக்கொள்ளும், ஜிம்ப் என்ற இலவசப் படம் திருத்தும் மென்பொருளும் எடுத்துக்கொள்ளும். அதுவரை சிக்கல் இல்லை. தட்டச்சில்தான் சிக்கல். விண்டோஸில் என்எச்எம் ரைட்டர் போன்றவை பார்த்துக்கொண்ட வேலையை லினக்ஸில் ஐபஸ் பார்க்கிறது. தமிழ்99 விசைப்பலகை அருமையாக வேலை செய்யும், ஆனால் தருவது யூனிகோடு மட்டும். நான் யூனிகோடில் தட்டச்சு செய்து, ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நிரலகத்தால் பாமினிக்கு மாற்றி ஒட்டுகிறேன். கேட்க நீளமாக இருக்கிறதே தவிர, ஒருமுறை சின்ன நிரலாக எழுதி வைத்துவிட்டால் ஒரு விசைதான்.

யூனிகோடு தமிழையே நேராகப் போட்டோஷாப்பில் போடுவதானால் இன்னொன்றைக் கவனியுங்கள். ‘கொ’ என்று அடித்தால் கொம்பு ‘க’வுக்கு முன்னால் வராமல் தள்ளி நிற்கிறதா? பழைய பதிப்பானால் விருப்பங்களில் எழுத்து என்ற பகுதிக்குப் போய், மத்திய கிழக்கு மற்றும் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்துப் பொறியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இது விண்டோஸிலும் உள்ள தொல்லைதான், லினக்ஸைக் குறை சொல்ல முடியாது. ஜிம்ப்பிலும், கோரல்டிரா மாதிரி வரையும் மென்பொருளான இங்க்ஸ்கேப்பிலும் இந்த வம்பே இல்லை, தமிழ் முதல் தடவையே சரியாக வரும்.

சரி, கோப்புக்கு வருவோம்.

அச்சகம் பி.டி.எஃப். அல்லது டிஃப் போதும் என்றால் உங்களுக்கு லினக்ஸில் கவலையே வேண்டாம். கோரல்டிராவின் சி.டி.ஆர். கோப்புதான் வேண்டும், கடைசி நேரத்தில் நாங்களே மண்டபத்தின் பெயரை மாற்றிக்கொள்வோம் என்றால் கதை முடிந்தது. இங்க்ஸ்கேப்பும் லிப்ரெஆபீஸ் டிராவும் சி.டி.ஆரைத் திறக்கும், ஆனால் சி.டி.ஆராகச் சேமிக்காது. திறக்கும்போதும் பவர்கிளிப் (ஒரு வடிவத்துக்குள் படத்தை அடக்குவது), நிறச்சாயல் மாதிரி விஷயங்கள் இடம் மாறலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே கோரலுக்கு ஒரு விண்டோஸ் வைத்திருக்க வேண்டிவரும்.

நிறத்தில் இன்னொரு வில்லங்கம். ஜிம்ப்பும் இங்க்ஸ்கேப்பும் வேலை செய்வது திரைக்கான சிவப்பு-பச்சை-நீல முறையான ஆர்.ஜி.பி.யில். 2025 மார்ச்சில் வந்த ஜிம்ப் 3, அச்சின் நான்கு மை முறையான சி.எம்.ஒய்.கே.யில் ஏற்றுமதி செய்யும், அச்சில் எப்படி வரும் என்று முன்கூட்டியே காட்டவும் செய்யும். ஆனாலும் பத்திரிகையின் சின்ன எழுத்துகளை இந்த வழியில் அனுப்பாதீர்கள். ஆர்.ஜி.பி. கறுப்பை மாற்றும்போது அது நான்கு மைகளும் கலந்த கறுப்பாகிவிடும். அச்சில் ஒரு தட்டு இம்மி நகர்ந்தாலும் ‘சுபமுகூர்த்தம்’ என்ற சொல்லின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் எட்டிப் பார்க்கும். எழுத்தை ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் போட்டு, கறுப்பு மை மட்டும் 100 சதவீதம் என்று வைத்து, அச்சுக்கான பி.டி.எஃப். எடுங்கள். ஸ்கிரைபஸ் 1.6 முதல் யூனிகோடு தமிழும் ஒழுங்காக விழுகிறது. சி.எம்.ஒய்.கே.யிலேயே வரைய வேண்டுமென்றால் கிரிட்டா என்ற ஓவிய மென்பொருள் இருக்கிறது.

ஆல்பம் என்றால் போட்டோஷாப்பின் பி.எஸ்.டி. டெம்ப்ளேட்டுகள் வரும். 12க்கு 36 அங்குலத் தாள், 300 டி.பி.ஐ. என்றால் 10,800க்கு 3,600 பிக்சல். ஒரு முழு லேயருக்கே நூறு மெகாபைட்டுக்கு மேல் நினைவகம் போகும். ஜிம்ப் இதைத் திறக்கும், ஆனால் ஸ்மார்ட் ஆப்ஜெக்டைப் பெரும்பாலும் வெறும் படமாக்கிவிடும். படத்தை மாற்றிப் போட்டால் தானாக அதே இடத்தில் பொருந்திக்கொள்ளும் அந்த வசதிக்காகத்தானே டெம்ப்ளேட்டே வாங்குகிறோம்! அப்புறம் எதற்கு? போட்டோபீ இதில் எவ்வளவோ மேல். உலாவியில் ஓடுகிறது, ஸ்மார்ட் ஆப்ஜெக்டைக் காப்பாற்றுகிறது, படங்களை எங்கேயும் ஏற்றாமல் உங்கள் கணினியிலேயே வேலையை முடிக்கிறது. ஒரு தாள், இரண்டு தாள் திருத்தத்துக்கு நான் அதைத்தான் திறக்கிறேன். முழு ஆல்பத்தையும் அதில் ஓட்டுவது சிரமம்.

கேன்வா, ஃபிக்மா எல்லாம் உலாவியில் இருப்பதால் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

போட்டோஷாப்புக்கு மாற்றான அஃபினிட்டியைக் கேட்பவர்களும் உண்டு. அதைச் செய்த செரிஃப் நிறுவனத்தை 2024இல் கேன்வா வாங்கி, 2025 அக்டோபரில் ஒரே மென்பொருளாக இலவசமாகவே வெளியிட்டது. லினக்ஸ் பதிப்பு தரவில்லை. வைனில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் 2ஆம் பதிப்பு வரை அதில் தமிழ் யூனிகோடு உடைந்துதான் தெரிந்தது, அதனால் நம் வேலைக்கு நான் அதை நாடவில்லை. கல்யாண வீடியோவும் எடுப்பவரானால் டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளுக்கு முறையான லினக்ஸ் பதிப்பே இருக்கிறது. ஆனால் இலவசப் பதிப்பு லினக்ஸில் எச்.264 கோப்புகளைத் திறக்காது, கேமரா கோப்பை முதலில் வேறு வடிவுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

லினக்ஸுக்குள்ளேயே ஓடும் ஒரு மெய்நிகர் கணினியில் விண்டோஸ் போட்டுக்கொள்ளலாமே என்பீர்கள். கோரலுக்கு அது நல்ல வழி. வின்ஆப்ஸ் என்ற கருவி விண்டோஸைப் பின்னணியில் வைத்துவிட்டு, கோரலின் சாளரத்தை மட்டும் லினக்ஸ் மேசையில் கொண்டுவந்து காட்டும். அதற்கு விண்டோஸின் புரோ பதிப்பு வேண்டும், ஹோம் ஆகாது. போட்டோஷாப்புக்கு அவ்வளவு சுகப்படாது. மெய்நிகர் கணினிக்குக் கிடைப்பது பொம்மை கிராபிக்ஸ் கார்டு. உண்மையான கார்டை உள்ளே கொடுக்கலாம், ஆனால் அதற்கு மதர்போர்டு ஒத்துழைக்க வேண்டும், லினக்ஸுக்கென்று தனியாக இன்னொரு கார்டும் பெரும்பாலும் வேண்டும். இரண்டு இயங்குதளமும் ஆளுக்குப் பாதி நினைவகம் கேட்கும். 8 ஜிபி வைத்திருப்பவர் யோசிக்கவே வேண்டாம், 16 ஜிபியில் சமாளிக்கலாம். விண்டோஸ் 11 ஏறாத பழைய கணினிக்கு மாற்று தேடி வந்தவருக்கு இது உதவாது என்பதுதான் சங்கடம்.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது: இருக்கிற விண்டோஸ் 10ஐ அழிக்காமல், அதே கணினியில் பக்கத்தில் லினக்ஸைப் போடுங்கள். விண்டோஸை இணையத்தில் இணைக்காமல் கோரலுக்கும் முழு ஆல்பத்துக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சந்தா போட்டோஷாப்பானால் அவ்வப்போது இணையம் கேட்கும், அப்போது மட்டும் இணைத்தால் போதும். மின்னஞ்சல், வாட்ஸ்அப்பில் வரும் படங்கள், படத் தேர்வு, பத்திரிகை வாசகம், பி.டி.எஃப். எல்லாம் லினக்ஸுக்குப் போகட்டும். அச்சகத்துக்கு ஒரு வார்த்தை போன் செய்து பி.டி.எஃப். வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள், பலர் ஒத்துக்கொள்கிறார்கள். ஒத்துக்கொள்ள ஒத்துக்கொள்ள விண்டோஸ் பக்கம் போகும் வேலை குறையும்.

இப்படி இரண்டையும் வைக்கும்போது விண்டோஸின் மின்சக்தி அமைப்பில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்பதை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுதாக மூடாமல் பாதித் தூக்கத்தில் இருக்கும். ஆல்பம் வைத்திருக்கும் டிரைவை லினக்ஸ் படிக்க மட்டும் விடும், சேமிக்க விடாது. லினக்ஸில் எதுவோ கெட்டுவிட்டது என்று பலர் பயந்துபோவது இந்த இடத்தில்தான்.