கெனாடெண்டால் யாருடைய ஊர்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

தென்னாப்பிரிக்காவின் கெனாடெண்டால் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். வெள்ளைக்காரப் பாதிரியார் வந்தார், பள்ளி வைத்தார், ஊரை உண்டாக்கினார் என்பதுதானே எல்லா மிஷன் ஊர்களின் கதையும்? இதில் அந்த மண்ணின் மக்கள் எங்கே? மண்டேலா போய் ஏன் தன் வீட்டுக்கு இந்தப் பெயரை வைத்தார்?

- ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

நியாயமான கேள்வி. 1744 முதல் 1792 வரை அந்த ஊரில் ஒரு பாதிரியார்கூட இல்லை. பதிலை அந்த 48 வருடங்களில்தான் தேட வேண்டும்.

மொரேவிய சபை என்ற புராட்டஸ்டண்ட் சபையின் கேயார்க் ஷ்மிட் 1738-ல், இன்று கெனாடெண்டால் இருக்கும் பள்ளத்தாக்கில், அந்த மண்ணின் பூர்வகுடிகளான கொய் மக்களிடையே குடியேறினார். ஷ்மிட் சிலருக்கு ஞானஸ்நானம் கொடுத்ததும் அந்தக் காலனியை ஆண்ட டச்சுக்காரர்களின் குருமார்கள் கொதித்துப் போனார்கள், அவருக்கு அந்த அதிகாரமே கிடையாது என்றார்கள். வேறு வழியில்லாமல் அவர் 1744-ல் ஐரோப்பா திரும்பினார்.

அப்புறம் 1792-ல் மூன்று மொரேவியர்கள் வந்தபோது லேனா என்ற கொய் மூதாட்டியைப் பார்த்தார்கள். ஷ்மிட்டிடம் ஞானஸ்நானம் பெற்று மக்டலேனா ஆனவர் அவர். ஷ்மிட் கொடுத்த டச்சுப் புதிய ஏற்பாட்டை ஆட்டுத்தோலில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தார். அவருக்குக் கண் மங்கிவிட்டது. இளம்பெண் ஒருத்தி அதை வாசித்துக் காட்டினாள். அவளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தது ஷ்மிட் இல்லை. அவர் போய்ப் பல வருடங்கள் கழித்துப் பிறந்தவள் அவள். எழுத்து அந்த மக்களுக்குள்ளேயே கைமாறி வந்திருக்கிறது. எனக்கு இந்த ஊரின் வரலாறு இங்கேதான் தொடங்குகிறது.

சுற்றியிருந்த பண்ணையார்களுக்கு இந்த ஊர் கண்ணில் விழுந்த தூசி. கொய் மக்கள் சொந்தமாகத் தோட்டம் போட்டு, பள்ளிக்கும் போனால் பண்ணை வேலைக்கு யார் வருவார்கள்? தேவாலய மணி அடிப்பதற்குக்கூட எதிர்ப்பு வந்தது. ஆனாலும் ஊர் வளர்ந்தது. கொல்லுப்பட்டறையில் செய்த கத்திகள் காலனி முழுவதும் பேர் வாங்கின. தண்ணீரில் ஓடும் மாவு ஆலை வந்தது, அச்சுக்கூடம் வந்தது. 1838-ல் தென்னாப்பிரிக்காவின் முதல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி இங்கே தொடங்கியது. அதே வருடம் டிசம்பரில், அடிமை முறை ஒழிந்த பின்னும் பழைய எஜமானர்களிடமே வேலை செய்யவேண்டும் என்ற கட்டாயம் முடிந்து, முன்னாள் அடிமைகள் பலர் இங்கே வந்து சேர்ந்தார்கள்.

உங்கள் சந்தேகத்தில் உண்மையும் உண்டு. நிலம் மிஷன் கையில் இருந்தது. சட்டதிட்டத்தை மீறினால் ஊரைவிட்டே அனுப்பிவிடுவார்கள். அறுவடைக் காலத்தில் ஊர்க்காரர்கள் கூலிக்காக அந்தப் பண்ணைகளுக்குத்தான் போனார்கள். இதையெல்லாம் மறைத்துவிட்டு அந்த ஊரைப் புகழ எனக்கு மனம் வராது.

1926-ல் அந்தக் கல்லூரி மூடப்பட்டது. கலப்பினத்தவர் என்று அரசு வகைப்படுத்திய இந்த மக்களுக்கு உயர்கல்வி தேவையில்லை என்பது அன்றைய ஆட்சியாளர்களின் எண்ணம். தோலில் சுற்றிக் காப்பாற்றிய எழுத்தைக் கல்லூரி வரைக்கும் கொண்டுவந்த ஊருக்கு அரசாங்கம் செய்தது இது. எத்தனை தடவை வாசித்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

மண்டேலா விஷயத்துக்கு வருகிறேன். கேப் டவுனில் ஜனாதிபதி மாளிகையின் பழைய பெயர் வெஸ்ட்புரூக். 1995-ல் அவர் அதை கெனாடெண்டால் என்று மாற்றினார். கொய் மக்களும் விடுதலையான அடிமைகளும் ஒதுங்க இடம் கிடைத்த ஊர், கறுப்பின ஆசிரியர்கள் உருவான ஊர். அந்த மாளிகைக்கு இன்றும் அதே பெயர்தான்.