மஞ்சள் கேள்விக்குறி தெரிந்தால் மோடம் போய்விட்டது என்று பொருளல்ல

கேள்வி (விண்டோஸ் எக்ஸ்பியும் டயல்-அப்பும் புழக்கத்தில் இருந்த காலத்தில் வந்தது): உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் உரக்கடை வைத்திருக்கிறேன். பென்டியம் 3 கணினியில் விண்டோஸ் 98 இருந்தவரை தொலைபேசி வழியாக வரும் டயல்-அப் இணைய இணைப்பு ஒழுங்காகக் கிடைத்தது. வைரஸ் வந்ததால் மதுரையிலிருந்து வந்த ஒருவர் எல்லாவற்றையும் அழித்து (ஃபார்மேட் செய்து) விண்டோஸ் எக்ஸ்பி போட்டுக் கொடுத்தார். அன்றிலிருந்து இணைப்பு இல்லை. கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் ‘பிசிஐ சிம்பிள் கம்யூனிகேஷன்ஸ் கன்ட்ரோலர்’ என்று மஞ்சள் கேள்விக்குறியோடு காட்டுகிறது. மோடத்தின் பழைய சிடியையும் ஏற்கவில்லை. கணினியைத் தொலைபேசி லைனோடு சேர்க்கும் அட்டையான மோடம் போய்விட்டது என்கிறார் அவர்; மதர்போர்டே போய்விட்டது என்கிறார் இன்னொருவர். எங்கள் ஊருக்கு பிராட்பேண்ட் இன்னும் வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் மதர்போர்டு நன்றாகவே இருக்கிறது, மோடமும் அநேகமாக நன்றாகத்தான் இருக்கிறது. கேள்விக்குறியோடு ஒரு பெயர் தெரிகிறது என்றால், அந்த அட்டை இருப்பதைக் கணினி கண்டுகொண்டது, ஆனால் அதை இயக்குவதற்கான டிரைவர் மென்பொருள் தன்னிடம் இல்லை என்று சொல்கிறது என்றே பொருள். அட்டையோ அது செருகப்பட்ட ஸ்லாட்டோ செத்திருந்தால் அந்தக் கேள்விக்குறிகூட வந்திருக்காது. மதர்போர்டை மாற்றச் சொன்னவரிடம் இதை ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

கணினிக்குள் செருகும் மலிவான மோடம்களில் பெரும்பாலானவை, தாங்கள் செய்ய வேண்டிய வேலையைக் கணினியின் பிராசஸரிடமே தள்ளிவிடுபவை. ஆகவே உரிய டிரைவர் இல்லாமல் அவை எதற்கும் பயன்படா. விண்டோஸ் 98-க்காக எழுதிய டிரைவரை எக்ஸ்பி ஏற்பதில்லை. உங்கள் பழைய சிடி தோற்றதற்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். ஆனாலும் அந்தச் சிடியைத் தூக்கி எறிவதற்கு முன் அதைத் திறந்து, ‘எக்ஸ்பி’ அல்லது ‘2000’ என்ற பெயரில் ஃபோல்டர் ஏதாவது உள்ளதா என்று பாருங்கள். விண்டோஸ் 2000-க்கான டிரைவர் பல சமயம் எக்ஸ்பியிலும் வேலை செய்யும்.

இல்லையென்றால், மோடம் வந்த டப்பாவில் அச்சிட்டிருக்கும் பெயரை முதலில் மறந்துவிடுங்கள். டிரைவர் என்பது அட்டையில் உள்ள சிப்புக்கு உரியதே தவிர டப்பாவுக்கு உரியதன்று. ஒரே பெயரில், ஒரே படம் போட்ட டப்பாவில், இந்த மாதம் ஒரு சிப்பும் அடுத்த மாதம் வேறொரு சிப்பும் வைத்து விற்கிறார்கள். அதை வெளியே எழுதவேண்டும் என்ற எண்ணம் யாருக்கும் வந்ததில்லை. சிப் செய்பவர்களாவது நிலையாக இருக்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. ராக்வெல்லின் சிப் பிரிவு 1999-ல் கனெக்ஸன்ட் ஆயிற்று. லூசன்ட்டின் பிரிவு அஜீர் ஆகி, 2007-ல் எல்எஸ்ஐ நிறுவனத்தோடு சேர்ந்துவிட்டது. இத்தனை பெயர் மாற்றத்தையும் உசிலம்பட்டியில் உரம் விற்பவர் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள்.

சிப்பை நீங்களே கண்டுபிடிக்கலாம். சர்வீஸ் பேக் 2 என்ற மைக்ரோசாஃப்ட்டின் மேம்பாட்டுத் தொகுப்பு போட்ட எக்ஸ்பியில் அந்தக் கேள்விக்குறியை இருமுறை கிளிக் செய்து, ‘டீட்டெயில்ஸ்’ பக்கத்துக்குப் போனால் நீளமான ஒரு வரி இருக்கும். அதில் ‘வி-இ-என்’ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளுக்குப் பின்னால் வரும் நான்கு குறிகளே தயாரிப்பாளரின் அடையாளம்: 14எஃப்1 என்றால் கனெக்ஸன்ட், 11சி1 என்றால் லூசன்ட் அல்லது அஜீர், 1057 என்றால் மோட்டரோலா, 8086 என்றால் இன்டெல். ‘டி-இ-வி’ என்பதற்குப் பின்னால் வரும் நான்கு குறிகள் சிப்பின் மாடலைக் காட்டும். வரி முழுவதையும் ஒரு தாளில் அப்படியே எழுதிக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குப் போய், எக்ஸ்பிக்கான டிரைவரைத் தேடிச் சிடியில் எழுதி வாருங்கள்.

அங்கேதான் கண்ணிகள் இருக்கின்றன. கணினியை ஆராய்ந்து விடுபட்ட டிரைவர்களையெல்லாம் தாமே பொருத்திவிடுவதாகச் சொல்லும் மென்பொருள்கள், ஆராய்வதை இலவசமாகச் செய்துவிட்டு, பொருத்துவதற்குக் காசு கேட்கும், அவற்றைத் தொடாதீர்கள். எல்லா மோடத்துக்கும் டிரைவர் உள்ளது என்று விற்கும் சிடிக்களில் உங்கள் சிப்புக்கு உரியது இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், வைரஸும் இருக்கலாம். எல்லாவற்றையும்விடப் பெரிய கண்ணி, எந்தக் கோளாறுக்கும் ஃபார்மேட் ஒன்றையே மருந்தாக வைத்திருப்பவர்கள். எந்த அட்டைக்கு எந்த டிரைவர் என்று குறித்துக்கொள்ளாமல் ஃபார்மேட் செய்துவிட்டு, பிறகு வேலை செய்யாத பொருளைக் ‘கெட்டுப்போனது’ என்று சொல்லிப் புதியதை விற்பதும், நல்ல நிலையில் உள்ள பழைய அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு போவதும் ஒரு தொழிலாகவே நடக்கிறது. கழற்றிய பொருள் உங்களுடையது, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

டிரைவரைப் போடும்போது, கேள்விக்குறியுள்ள பதிவை முதலில் ‘அன்இன்ஸ்டால்’ செய்துவிட்டுக் கணினியை மறுபடி இயக்குங்கள். புதிய சாதனம் வந்திருப்பதாகச் சொல்லித் திறக்கும் பெட்டியில், தானாகத் தேடும்படி விடாமல், சிடியில் டிரைவர் உள்ள ஃபோல்டரை நீங்களே காட்டுங்கள். விண்டோஸ் சோதனையில் இது தேறவில்லை என்று ஓர் எச்சரிக்கை வரக்கூடும். அட்டையைச் செய்தவரின் தளத்திலிருந்தோ சிப் நிறுவனத்தின் தளத்திலிருந்தோ எடுத்த டிரைவர் என்றால் தயங்காமல் தொடரலாம்.

இத்தனை பாடும் படத் தேவையில்லாத மோடம் ஒன்று உண்டு. கணினிக்கு வெளியே தனிப் பெட்டியாக இருந்து, ஒன்பது ஊசி கொண்ட சீரியல் போர்ட்டில் மாட்டுவது அது. தன் வேலையைத் தானே செய்துகொள்வதால் விண்டோஸில் ஏற்கெனவே உள்ள ‘ஸ்டாண்டர்டு 56000 பிபிஎஸ் மோடம்’ என்ற பொது டிரைவரே அதற்குப் போதும். ஃபார்மேட் செய்தாலும் கவலையில்லை. மதுரை டவுன் ஹால் ரோடு பக்கம் பழையது கிடைத்தால் வாங்கலாம். ஆனால் யுஎஸ்பியில் மாட்டும் வெளி மோடத்தை இதுவென்று நம்பி வாங்கிவிடாதீர்கள். அவற்றில் பலவும் டிரைவர் கேட்பவைதான். சீரியல் மோடத்தையும் அதற்குரிய அடாப்டரோடு சேர்த்தே வாங்குங்கள். அவற்றில் சில டிசி மின்சாரம் கேட்காமல் ஏசி கேட்பவை. முனை பொருந்துகிறதே என்று கடைக்காரர் வேறொரு டிசி அடாப்டரை மாட்டிக் கொடுத்தால் மோடம் இயங்காமல் போகலாம், அதையும் ‘மோடம் போய்விட்டது’ என்றே சொல்வார்கள்.

டிரைவர் ஏறிய பின், கன்ட்ரோல் பேனலில் ‘ஃபோன் அண்ட் மோடம் ஆப்ஷன்ஸ்’ திறந்து, உங்கள் மோடத்தின் ‘டயக்னாஸ்டிக்ஸ்’ பக்கத்தில் ‘குவெரி மோடம்’ பொத்தானை அழுத்துங்கள். வரிசையாகப் பதில்கள் வந்தால் டிரைவர் விவகாரம் தீர்ந்தது. அதற்குப் பிறகும் 680 என்ற பிழை வந்தால், மோடத்துக்கு டயல் டோன் கேட்கவில்லை என்று பொருள். சுவரிலிருந்து வரும் வயரை ‘ஃபோன்’ என்ற துளையில் மாட்டியிருந்தால் ‘லைன்’ என்ற துளைக்கு மாற்றுங்கள். அதுவும் பயன்படவில்லையென்றால், அதே மோடத்தின் ‘மோடம்’ பக்கத்தில் டயல் டோனுக்காகக் காத்திருக்கச் சொல்லும் குறியை எடுத்துவிட்டு மறுபடி டயல் செய்யுங்கள்.