ஒரே தெருவை இரண்டு முறை தோண்டினால்

கேள்வி: ஐயா, மெல்போர்னில் இருக்கும் என் மகள், "இங்கே நாடு முழுவதற்கும் அரசாங்கமே இணையக் கம்பி போட்டுக் கொடுத்துவிட்டது" என்கிறாள். நானோ மாதக் கடைசியில் டேட்டா தீர்ந்துபோய், பேரனின் முகத்தைப் பார்க்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன். நம் அரசாங்கமும் அப்படிச் செய்தால் என்ன? வரி கட்டுகிறவர்களுக்கு அது தாங்க முடியாத சுமையா?
– ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த், தென்னாப்பிரிக்கா

பதில்: அம்மா, போட்டது அரசாங்கம்தான், ஆனால் இலவசமாக அல்ல. என்.பி.என் என்ற அரசு நிறுவனம் கம்பியைப் போட்டு, இணையச் சேவை தரும் நிறுவனங்களுக்கு வாடகைக்கு விடுகிறது. உங்கள் மகள் கட்டும் மாதக் கட்டணத்தில் ஒரு பங்கு அங்கே போகிறது. அரசு அதில் போட்ட மூலதனம் 2,950 கோடி ஆஸ்திரேலிய டாலர். அது போதாமல் 1,950 கோடி கடனும் கொடுத்தது. முதலீடு என்று எழுதியதால் பட்ஜெட்டில் அது செலவாகத் தெரியவில்லை. பணம் மக்களுடையதுதான்.

ஆனால் என் மனதை வருத்துவது அந்தத் தொகை அல்ல. 2009-இல் போட்ட திட்டம், நூற்றுக்கு 90 வீடுகளுக்கு வாசல்வரை ஒளியிழை (ஃபைபர்) கொடுப்பது. மதிப்பீடு 4,300 கோடி. 2013-இல் ஆட்சி மாறியது. தெருமுனைப் பெட்டிவரை ஒளியிழை போதும், அங்கிருந்து பல வீடுகளுக்குப் பழைய செம்புக் கம்பியே போகட்டும், 2,950 கோடியில் முடித்துவிடலாம் என்றார்கள். முடிந்தபோது செலவு ஏறக்குறைய 5,100 கோடி. குழந்தை முதல் கிழவர்வரை தலைக்கு 2,000 டாலர்! 2020-இல், செம்பை நம்பிய அதே தெருக்கள் பலவற்றில் ஒளியிழை போட மறுபடியும் கோடிகளை ஒதுக்கினார்கள்.

டர்பனில் முப்பது ஆண்டுகள் தொலைபேசிக் கம்பி பழுதுபார்த்தவன் நான். ஜனவரி மழையில் குழிக்குள் இறங்கி, களிம்பு ஏறிய செம்பு முனைகளை வெட்டி வெட்டி இணைத்திருக்கிறேன். அடுத்த மழையில் அதே வீட்டிலிருந்து அதே புகார் வரும். அந்தக் கம்பியை நம்பி ஒரு நாடு இவ்வளவு பணத்தைக் கொட்டியதை நினைத்தால் வயிறு எரிகிறது.

நம் நாட்டிலும் 2013-இல் எஸ்.ஏ. கனெக்ட் என்ற இணையக் கொள்கை வந்தது. முதல் கட்டத்தில் பள்ளிக்கூடம், கிளினிக், காவல் நிலையம் என்று 6,135 அரசு இடங்களை இணைப்பதாகச் சொல்லி, பிறகு 970 ஆகச் சுருக்கிவிட்டார்கள். இணைக்காமல் விட்டதும் மக்களுக்கு நட்டம்தான். அந்தப் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் டேட்டாவைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள், அதற்கும் 15 சதவீத வாட் கட்டுகிறார்கள். வரி கட்டுகிறவர் என்றால் சம்பளக்காரர் மட்டுமா? அரிசிக்கும் பருப்புக்கும் வரி இல்லை, ஆனால் வெள்ளை ரொட்டி வாங்கும் நீங்களும் வரி கட்டுகிறவர்தான்.

ஆகவே, அரசு போடட்டும் என்பதே என் பதில். சாலையும் தண்ணீர்க் குழாயும் போட்ட கை இதையும் போடலாம். ஆனால் வாசல்வரை, ஒரே தடவையில். ஆட்சி மாறினாலும் திட்டம் மாறக்கூடாது.

மகளிடம் ஒன்று கேட்டு எழுதுங்கள்: அவள் வீட்டுச் சுவருக்குள் வருவது ஒளியிழையா, பழைய செம்பா?