பழைய நம்பர், புது பாடி: அந்த மஞ்சள் பஸ் புதுசா, பழசா?

கேள்வி: திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் ஒரு மஞ்சள் அரசு பஸ்ஸைப் படமெடுத்தேன். பார்த்தால் புத்தம்புதிது. ஆனால் நம்பர் பழைய டிஎன் 45 ‘என்’ (N) வரிசை. எதை நம்புவது? இன்னொன்று, எல்இடி பலகை உள்ள பஸ்ஸை எடுத்தால் ஊர்ப்பெயர் பாதிதான் விழுகிறது. போனில்தான் எடுக்கிறேன். என்ன செய்யலாம்?

பதில்: நம்பரை நம்புங்கள். நீங்கள் பார்த்தது பெரும்பாலும் பழைய வண்டிக்குப் புதிதாகப் பாடி கட்டியதாக இருக்கும். 2023 முதல் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் ஓடித் தேய்ந்த பல வண்டிகளுக்கு இப்படிப் புதுக் கூண்டு போட்டு, மஞ்சள் அடித்து இறக்கின. அதே மஞ்சளில் உண்மையிலேயே புதிய வண்டிகளும் வருவதால்தான் குழப்பம். எம்பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டால் பதிவான தேதி வந்துவிடும்; ஒரு நிமிட வேலை.

நம் ஊர் பஸ்கள் பலவற்றுக்குப் பிறந்த ஊர் இரண்டு. சேசிஸ், அதாவது எஞ்சினும் சக்கரமும் பூட்டிய அடிச்சட்டம், எண்ணூரிலோ ஓசூரிலோ பிறக்கும். பாடி கரூர்ப் பட்டறையில் பிறக்கும். பஸ்ஸை அடையாளம் காண்பது என்றால் இந்த இரண்டையும் தனித்தனியாகக் கண்டுபிடிப்பதுதான். புதிதாக வருகிறவர்கள் பலரும் முன்பக்க முகத்தைப் பார்த்து ஏமாறுகிறார்கள். நானும் ஏமாந்திருக்கிறேன். 2001-ல் வால்வோ பி7ஆர் சொகுசு பஸ் இந்தியாவுக்கு வந்த பிறகு, அதே சாயலில் ஆம்னி பஸ்களுக்கு முகம் வைப்பது பரவிவிட்டது. உள்ளே இருப்பது அசோக் லேலண்ட் சேசிஸாக இருக்கும்.

சேசிஸைக் கண்டுபிடிக்க உள்ளே எட்டிப் பாருங்கள். ஸ்டியரிங் நடுவில் உள்ள சின்னம் பொதுவாகப் பொய் சொல்லாது. டிரைவருக்குப் பக்கத்தில் மேடு மாதிரி எஞ்சின் மூடி இருந்தால் முன் எஞ்சின். அது இல்லாமல், பின்பக்கம் காற்று போகும் கம்பி வலையும் பின்னாலிருந்து உறுமலும் இருந்தால் பின் எஞ்சின். நம்பர் பலகை பச்சை, எழுத்து மஞ்சள் என்றால் மின்சார பஸ், மேலே யோசிக்க வேண்டாம். அப்புறம், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே எத்தனை ஜன்னல் என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். கொண்டை ஊசி வளைவில் திரும்புவதற்காக மலைப்பாதை வண்டிகள் குட்டையாக இருக்கும். இந்த எண்ணிக்கையிலேயே அது பிடிபட்டுவிடும்.

நம்பரில் ‘என்’ வரிசை இருந்தால் அரசுப் போக்குவரத்துக் கழக வண்டி. ஆனால் டிஎன் 01 என்று பார்த்ததும் சென்னை மாநகர பஸ் என்று முடிவுகட்டாதீர்கள். விரைவுப் போக்குவரத்துக் கழக வண்டிகள் நாகர்கோவிலில் நின்றாலும் பெரும்பாலும் 01 தான். பக்கவாட்டில் கிளையின் பெயர் எழுதியிருந்தால் அதையும் படத்தில் சேர்த்துவிடுங்கள்.

வீட்டுப் பழைய ஆல்பத்தையும் ஒருமுறை புரட்டுங்கள். கல்யாணக் கூட்டத்துக்குப் பின்னால் நிற்கும் பஸ்ஸில் ‘தீரன் சின்னமலை’ என்று இருந்தால், திருச்சிக் கழகத்துக்கு அந்தப் பெயர் இருந்த காலத்து வண்டி அது. 1997-ல் தலைவர்களின் பெயர்களை எல்லாக் கழகங்களிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். பெயின்ட் மாற்றக் கொஞ்ச நாள் ஆகியிருக்கும் என்பதால் ஓராண்டு முன்பின் வைத்துக்கொள்ளலாம்.

சரி, எல்இடி பலகைக்கு வருவோம். அதில் எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் எரிவதில்லை. வரிசை வரிசையாக மாறி மாறி மின்னுகின்றன. நம் கண்தான் அதைச் சேர்த்துப் படிக்கிறது. வெயிலில் போன் தானாகவே ஆயிரத்தில் ஒரு நொடி, அதைவிடவும் குறைவாக ஷட்டரைத் திறந்து மூடும். அந்த நேரத்தில் எரிந்த வரிசை மட்டும் விழும். நூறில் ஒரு நொடி அளவுக்கு இறக்கினால் பலகை முழுதாக வரும். கேமரா வைத்திருப்பவர்கள் லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளையை எஃப் 11, 16 என்று சுருக்கினால் வெயிலிலும் இது நடக்கும். பெரும்பாலான போன்களில் துளையைச் சுருக்க முடியாது; நண்பகலில் புரோ மோடில் ஷட்டரை இறக்கினால் படம் வெளுத்துப்போகும். அதனால் கூரைக்குக் கீழே நிற்கும் பஸ்ஸையோ, பொழுது சாயும் நேரத்தையோ பிடியுங்கள். உச்சி வெயில்தான் கிடைத்தது என்றால், பலகையை மட்டும் தொடர்ச்சியாகப் பத்துப் படம் எடுங்கள். ஒன்றில் விட்டது இன்னொன்றில் இருக்கும். ஊர் எது என்று குறித்துக்கொள்ள அது போதும். ஷட்டரை இறக்கினால் ஓடும் வண்டி கலங்கும், ஆகவே நிற்கும் வண்டிதான்.

நிற்க வேண்டிய இடம் இடப்பக்க முன் மூலை. முகம், நம்பர், கதவு, பக்கவாட்டு எழுத்து எல்லாம் ஒரே படத்தில் வரும். கிட்டே போய் எடுத்தால் முகம் உப்பித் தெரியும். பத்தடி பின்னால் போய் இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள். பிறகு பின்பக்கம் ஒன்று, வெறும் நம்பர் பலகை ஒன்று.

படமெடுக்கும் முன், பஸ் நிலையத்தில் நேரம் குறிக்கும் டைம் கீப்பரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஒரு ஊரில் நான் சொல்லாமல் எடுக்க, புகார் கொடுக்க வந்தவன் என்று நினைத்து அரை மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்கள். பணிமனைக்குள் அனுமதி இல்லாமல் போகவே வேண்டாம்.

திருச்சிக்காரர் என்பதால் ஒரு ஆசை காட்டுகிறேன். கரூர் சாலையில் காலையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பாடியே இல்லாத வெறும் சேசிஸ், மேலே ஹெல்மெட் போட்ட டிரைவர் என்று பாடி கட்டப் போகிற வண்டி கண்ணில் படலாம். அதன் எஞ்சின், சக்கரம், ஸ்டியரிங் மூன்றையும் எடுத்து வையுங்கள். மூடிய பஸ்ஸில் நீங்கள் தேடுவதெல்லாம் அதில் அப்பட்டமாகத் தெரியும்.

நீங்கள் அனுப்பிய படத்தில் பஸ்ஸின் பின்பக்கம் இல்லை. பாடி கட்டியவரின் பெயர் பெரும்பாலும் அங்கேயோ, உள்ளே டிரைவர் தலைக்கு மேலேயோ இருக்கும். அடுத்த முறை அந்த வண்டி கிடைத்தால் அதையும் எடுத்து அனுப்புங்கள், பட்டறை எது என்று பார்த்துவிடலாம்.