முகூர்த்தத்துக்கு 24 நாள்: எவ்வளவு எடை குறையும்?

கேள்வி: அடுத்த மாதம் திருவந்திபுரத்தில் என் தங்கைக்குக் கல்யாணம். எனக்கு வயது 41, எடை 62 கிலோ. 4 கிலோ குறைத்தால் பட்டுப்புடவை எடுப்பாக இருக்குமே என்று இரவுச் சாப்பாட்டை நிறுத்தினேன். நாலு நாளில் ஒரு கிலோ குறைந்தது. ஞாயிறன்று மீன் குழம்பும் கருவாட்டு வறுவலும் சாப்பிட்டேன், திங்கள் காலையில் அந்த ஒரு கிலோவும் திரும்பிவிட்டது. தலைவலி வேறு. என்ன செய்யட்டும்?
- வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: கலங்காதீர்கள் சகோதரி, ஞாயிறன்று ஏறியது கொழுப்பு இல்லை. ஒரு கிலோ கொழுப்பு ஏற, தேவைக்கு மேல் சுமார் 7,700 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். ஏறியது தண்ணீர். உடம்பு சேமித்து வைக்கும் மாவுச்சத்து, கிராமுக்கு 3 கிராம் தண்ணீரையாவது பிடித்து வைத்திருக்கும். பட்டினியில் இரண்டும் சேர்ந்து போயின. சோறும் கருவாட்டு உப்பும் உள்ளே போனதும் திரும்பி வந்துவிட்டன.

24 நாளில் 4 கிலோ கொழுப்பைக் கரைக்க, தினமும் 1,280 கலோரி குறைக்க வேண்டும். உங்கள் எடைக்கு அது கிட்டத்தட்ட பட்டினிதான். அப்படிக் கிடந்தால் தசை கரையும், இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டும். தினம் 450 கலோரி குறைத்தால் ஒன்றரைக் கிலோ வரை கொழுப்பு குறையும். உப்பைக் கட்டுப்படுத்தினால் உப்புசமும் வடியும். புடவைக்கு அது போதும்.

இரவுச் சாப்பாட்டை இன்றே மறுபடி தொடங்குங்கள், எட்டு மணிக்குள்: 3 இட்லி, சாம்பார். தோசை என்றால் இரண்டு, எண்ணெயைச் சொட்டாக விட்டு. 450 கலோரியை வேறு இடங்களில் குறைக்கலாம். மூன்று வேளை டீக்கு இரண்டிரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டால் அதுவே 120. மதியம் ஒரு கரண்டி, அதாவது 100 கிராம் சோறு குறைத்தால் 130. அந்த இடத்தில் பொரியலை இரண்டு பங்காக்குங்கள். சாயங்காலம் ஒரு கிண்ணம் மிக்ஸர் 250ஐத் தாண்டும்; அதற்குப் பதில் ஒரு கைப்பிடி சுண்டல். கல்யாண வீட்டில் பண்ருட்டி முந்திரி தட்டில் கிடக்கும். பத்துப் பருப்பு 85 கலோரி, எண்ணி எடுங்கள். மீனை விட வேண்டாம். வறுவலுக்குப் பதில் சங்கராவோ மத்தியோ குழம்பாக வையுங்கள். புரதம் இருந்தால்தான் நாலு மணிப் பசி அடங்கும்.

விடிகாலையில் சில்வர் பீச் பக்கம் 40 நிமிடம் வேகமாக நடங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது; வேகத்துக்கு அதுதான் கணக்கு. வயிற்றுப் பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்பு மட்டும் தனியாகக் கரையாது.

எடையை வாரம் இருமுறை, காலைக்கடன் முடிந்து வெறும் வயிற்றில் பாருங்கள். மாதவிலக்குக்கு முந்தைய நாள்களில் ஒரு கிலோ கூடக் காட்டலாம், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். மெலிய வைக்கும் டீ என்று விற்பவற்றில் பலவற்றில் நிலாவாரை போன்ற பேதிச் சரக்கு இருக்கும். போவது தண்ணீரும் உப்புச்சத்தும்தான், முகம் வாடிவிடும். சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுப்பவரானால், சாப்பாட்டைக் குறைக்கும் முன் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கடைசி நாலு நாள் கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றும் வேண்டாம். தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள். கடைசி இரண்டு நாள் சுண்டல், முட்டைக்கோஸ் இரண்டையும் தள்ளி வைத்தால் வாயு சேராது.

ரவிக்கையை இப்போதைய அளவுக்கே தைக்கக் கொடுங்கள். குறையப்போகும் அளவை நம்பித் தைத்தால் கைச்சுற்றில்தான் மாட்டிக்கொள்வீர்கள், கை அவ்வளவு சீக்கிரம் இளைக்காது. பக்கத் தையலில் இருபுறமும் ஒரு இஞ்ச் துணி உள்ளே விடச் சொல்லுங்கள். முகூர்த்தத்துக்கு ஐந்து நாள் முன்பு போட்டுப் பார்த்து, தளர்ந்திருந்தால் பிடித்துத் தைத்துக்கொள்ளலாம். முகூர்த்தத்தன்று காலை கோயிலுக்குக் கிளம்பும் முன் இரண்டு இட்லியாவது சாப்பிடுங்கள்.