கலை என்பது சுய வெளிப்பாடு என்றால், ஓவியம் பழக வகுப்பு எதற்கு?

உங்கள் தங்கை மனத்தில் தோன்றுவதைத் தோன்றியபடியே வரைகிறாள், வகுப்புக்கு அனுப்பினால் அவளுடைய தனித்தன்மை போய்விடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். போகாது என்பதுதான் என் எண்ணம். நானும் மட்டக்களப்பு கல்லடியில் படம் கீறிக்கொண்டிருப்பவள்தான்.

உள்ளே ஏதோ ஒன்று முழுதாக உருவாகி இருக்கிறது, கை அதை வெளியே எடுத்து வைக்கிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். எனக்கு எல்லாம் மறுவளமாகத்தான் நடக்கிறது. படம் பாதி தாண்டும்வரை நான் எதைச் சொல்ல வருகிறேன் என்று எனக்கே தெரிவதில்லை.

எங்கள் ஊர்ப் பெயரைக் கேட்டதும் வெளியூர்க்காரர்களுக்கு 2004 சுனாமி நினைவுக்கு வந்துவிடும். கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயிலில் அந்த அலை சரித்த கோபுரத்தைக் கீறித் தர முடியுமா என்று கேட்டவர்கள் உண்டு. அப்போது நான் கைக்குழந்தை. அந்த நாளில் ஒரு துளிகூட என் நினைவில் இல்லை. அதை உணர்ச்சி பொங்கத் தீட்டிக் கொடுத்தால் அங்கே வெளிப்படுவது வாங்குபவரின் எதிர்பார்ப்பு மட்டுமே.

போன கச்சான் காலத்தில், அதாவது வறண்ட காற்று வீசும் மாதங்களில், எங்கள் வீட்டு அலுமாரியைக் கீறினேன். கடல் பக்கத்து ஜன்னலை மறைத்துக்கொண்டு அது நிற்கிறது, நான் நினைவறிந்த நாள் முதல் அங்கேதான். பழைய பலகையின் நிறம் பிடித்திருந்தது, அதற்கு மேல் நோக்கம் எதுவும் இல்லை. ஆனால் அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில் ஒரு விரல் அகலத்துக்கு வெளிச்சம் கசிந்தது. அது படத்தில் வர மறுத்தது. ட்யூப் வெள்ளையை அப்படியே பூசினால் சுண்ணாம்புக் கோடு போலத் தட்டையாகக் கிடந்தது. வெளிச்சத்தைக் கொண்டுவர வேண்டுமானால் அதன் இரு பக்கமும் இருட்ட வேண்டும். சுவரில் பழுப்பையும் நீலத்தையும் கலந்து இறக்கி, வெள்ளைக்குள் ஒரு பொட்டு மஞ்சள் சேர்க்க வேண்டும். அந்தக் காற்றில் அக்ரிலிக் வர்ணம் தட்டிலேயே காய்ந்துபோகும், தண்ணீர் தெளித்துத் தெளித்துத்தான் வேலை செய்ய வேண்டியிருந்தது. சுவரை இருட்ட இருட்ட அலுமாரி பின்னால் போய், படம் முழுவதும் அந்தக் கீற்றைப் பற்றியதாகிவிட்டது.

அம்மா வந்து பார்த்தார். "அலுமாரியைக் கொஞ்சம் தள்ளி வைத்துக் கீறியிருக்கலாமே மகள்" என்றார். அவ்வளவுதான், அடுக்களைக்குப் போய்விட்டார். அது ஏன் அங்கே நிற்கிறது என்று நான் எப்போதும் கேட்டதில்லை. இனிக் கேட்கவும் மாட்டேன்.

பக்கத்து நிறத்தை இருட்டினால்தான் வெளிச்சம் எழும் என்பதை எனக்கு ஒரு வகுப்பறைதான் கற்றுத்தந்தது. அது தெரியாமலிருந்தால் அந்தக் கீற்றை வெறும் கோடாக விட்டுவிட்டு, அலுமாரியின் கைபிடியை நுணுக்கமாகக் கீறி முடித்திருப்பேன்.

எங்கள் பக்கத்துக் கூத்தைப் பாருங்கள். வடமோடி, தென்மோடி என்ற இரண்டு வகையில் எதுவானாலும், ஆடுபவருக்குரிய பாட்டை எழுதிக் கொடுக்கும் சட்டம் கொடுத்தல், சலங்கை கட்டுதல், ஒத்திகையான அடுக்குப் பார்த்தல் என்று படிப்படியாகப் போய்த்தான் அரங்கேற்றம். தாளம் பிசகினால் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் விடமாட்டார். அங்கே சுய வெளிப்பாடு என்று யாரும் பேசுவதில்லை. இருந்தும் ஒரே அருச்சுனனை இருவர் ஆடினால் இரண்டு அருச்சுனன்கள். மேடைக்கு வரும்போது ஆடும் வரவு ஆட்டத்திலேயே ஊராருக்கு ஆள் தெரிந்துவிடும்.

உங்கள் பயத்துக்கு இடமே இல்லை என்று சொல்லவில்லை. பரீட்சைக்காக ஒரே சந்தைக் காட்சியை எல்லாப் பிள்ளைகளுக்கும் மனப்பாடமாக்கும் சித்திர வகுப்புகள் இருக்கின்றன. புள்ளி கிடைக்கும், கண் திறக்காது. சேர்ப்பதற்கு முன் அங்குள்ள பிள்ளைகளின் கொப்பிகளை வாங்கிப் பாருங்கள். எல்லாப் பக்கத்திலும் ஒரே தென்னைமரம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் வேறு இடம் தேடுங்கள். ஒரு குடத்தை முன்னால் வைத்து, "நிழலில் என்ன நிறம் தெரிகிறது?" என்று கேட்கிற ஆசிரியர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். பெட்டி பெட்டியாக நிறம் வாங்கித் தரவும் வேண்டாம். சிவப்பு, மஞ்சள், நீலம், பழுப்பு போதும். வெள்ளையை மட்டும் பெரிய ட்யூப்பாக வாங்குங்கள், அதுதான் முதலில் தீரும்.